ஆல்-ஸ்டார் கொண்டாட்டம்: கூடைப்பந்து எங்கே ஜெயித்தது, ஹாக்கி எங்கே முந்தியது

வட அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் ஆல்-ஸ்டார் வார இறுதி (லீகின் சிறந்த ஆட்டக்காரர்கள் கூடி ஆடும் காட்சி ஆட்டமும் திறன் போட்டிகளும்) வந்தால் உலகமே பேசுகிறது, ஹாக்கி லீகான என்ஹெச்எல்லுக்கும் அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியவில்லை, ஏன் இப்படி, இரண்டில் எது தேவலை, எதைப் பார்க்கலாம் என்பது கேள்வி. (இதில் ஹாக்கி என்று நான் சொல்வதெல்லாம் வட அமெரிக்க ஐஸ் ஹாக்கிதான்.)

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். திருவிழாவாகப் பார்த்தால் கூடைப்பந்து ரொம்ப தூரம் முன்னால் இருக்கிறது. ஆட்டமாகப் பார்த்தால் இரண்டுமே பல வருடங்களாகப் படுத்துக் கிடந்தவை. ஹாக்கி முதலில் படுத்தது, அதனாலேயே மாற்று வழியையும் முதலில் தேடியது. 2025 பிப்ரவரியில் ஒரே வார இறுதியில் இரண்டு லீகின் நட்சத்திரங்களும் அடுத்தடுத்து ஆடியபோது எது உயிரோடு இருக்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்திருக்காது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

ஹாக்கி ஏன் முதலில் படுத்தது என்றால், அந்த விளையாட்டை அரை மனதோடு ஆட முடியாது. எதிராளியை உடம்பால் இடித்துப் பக்கை (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு) பறிப்பது, பலகைச் சுவரோரம் இரண்டு மூன்று பேர் முட்டிக்கொள்வது, பாய்ந்து வரும் ஷாட்டின் குறுக்கே விழுந்து தடுப்பது, இதெல்லாம் சேர்ந்ததுதான் ஹாக்கி. ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ நடக்கும் ஒரு காட்சி ஆட்டத்துக்காக, ஏப்ரலில் ப்ளேஆஃப் (கோப்பைக்கான கடைசிச் சுற்றுகள்) காத்திருக்கும்போது, மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரப்பர் கட்டிக்கு முன்னால் யார் கணுக்காலை நீட்டுவார்கள்? நீட்டக் கூடாது என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் இதையெல்லாம் கழித்துவிட்டால் மிஞ்சுவது பாஸ், ஷாட், பரிதாபமான ஒரு கோல் கீப்பர். மற்றவர்கள் எல்லோரும் சாவகாசமாகச் சறுக்கிக்கொண்டிருக்க, அவர் ஒருவர்தான் உண்மையில் வேலை செய்தாக வேண்டும். 2015-ல் கொலம்பஸில் நடந்த ஆல்-ஸ்டார் 17-12 என்று முடிந்தது. ஒரே ஆட்டத்தில் 29 கோல்! சாதாரண ஆட்டத்தில் இரண்டு அணியும் சேர்ந்து ஆறு கோல் போடும் விளையாட்டு இது.

கூடைப்பந்தில் தடுப்பாட்டத்தை எடுத்துவிட்டாலும் பார்க்க ஏதோ ஒன்று மிஞ்சுகிறது. லெப்ரான் ஜேம்ஸ் எம்பிப் பந்தை வளையத்துக்குள் அறைவதும், ஸ்டெஃப் கரி பாதி மைதானத்திலிருந்து எறிந்துவிட்டு அது விழுமுன் திரும்பி நடப்பதும் யாரும் தடுக்காவிட்டாலும் அழகுதான். முகங்களும் முக்கியம். கூடைப்பந்து ஆட்டக்காரர் ஹெல்மெட் போடுவதில்லை, 48 நிமிட ஆட்டத்தில் பெரிய நட்சத்திரம் 35 நிமிடம் களத்தில் நிற்கிறார், பந்தும் பெரும்பாலும் அவர் கையில்தான். ஹாக்கியில் ஒரு முறை இறங்கினால் முக்கால் நிமிடம், அப்புறம் பெஞ்சுக்குத் திரும்ப வேண்டும். கானர் மெக்டேவிட் மாதிரி ஆளே 60 நிமிடத்தில் 22 நிமிடம்தான் ஆடுகிறார், அதுவும் ஹெல்மெட்டுக்குள். முகத்தை வைத்து நடத்தும் திருவிழாவில் ஹாக்கி பின்தங்கியே ஆரம்பிக்கிறது.

இன்னொரு விஷயம், யார் உள்ளே வருகிறார்கள் என்பது. என்பிஏவில் ரொம்ப காலம் 24 பேர்தான் கணக்கு. உங்கள் அணியில் ஒருவரும் தேறவில்லையென்றால் ஒருவரும் இல்லை, அவ்வளவுதான். என்ஹெச்எல்லில் ஒவ்வொரு அணியிலிருந்தும் குறைந்தது ஒருவராவது வரவேண்டும் என்று விதி வைத்திருந்தார்கள். ஊர்ப் பெருமைக்கு நல்ல ஏற்பாடு. ஆனால் நடுத்தரமான அணியின் நடுத்தரமான ஆட்டக்காரர் உள்ளே வர, அவரைவிட நன்றாக ஆடியவர் வீட்டில் உட்கார்ந்து பார்க்க வேண்டியதாகும். அதனால் 'ஆல்-ஸ்டார்' என்ற பட்டத்துக்குக் கூடைப்பந்தில் இருக்கும் கனம் ஹாக்கியில் இல்லை. எத்தனை முறை ஆல்-ஸ்டார் ஆனார் என்பது கூடைப்பந்து வீரர் ஒருவரின் வாழ்க்கைக் குறிப்பில் முதல் வரியில் வரும். ஹாக்கியில் முதலில் கேட்பது எத்தனை ஸ்டான்லி கோப்பை (என்ஹெச்எல்லின் சாம்பியன் கோப்பை) என்பதைத்தான்.

ஆரம்பக் கதைகளைப் பார்த்தால் இந்த வித்தியாசம் இன்னும் தெளிவாகும். ஹாக்கியின் முதல் ஆல்-ஸ்டார் ஆட்டம் கொண்டாட்டமாகப் பிறந்ததே இல்லை. 1933 டிசம்பரில் பாஸ்டனில் அந்த ஊர் அணியின் எடி ஷோர் பின்னாலிருந்து மோதியதில் டொராண்டோவின் ஏஸ் பெய்லி பனித்தரையில் தலை அடிபட விழுந்தார். மண்டையோடு உடைந்தது, பிழைப்பாரா என்றே தெரியாத நிலை. பிழைத்தார், ஆனால் அதன்பின் ஆடவே முடியவில்லை. அவருக்குப் பணம் திரட்ட 1934 பிப்ரவரி 14 அன்று டொராண்டோ அணியும் மற்ற அணிகளின் நட்சத்திரங்களும் மோதினார்கள். அந்த நட்சத்திர அணியில் எடி ஷோரும் இருந்தார். ஆட்டத்துக்கு முன் பெய்லி வந்து அவர் கையைக் குலுக்க, அரங்கமே எழுந்து நின்றது. அப்புறம் 1947-ல் இதை வருடாந்திர ஆட்டமாக்கியபோதும் காரணம் பணம்தான், வீரர்களின் ஓய்வூதிய நிதிக்கு. முந்தைய ஆண்டு கோப்பை வென்ற அணி ஒரு பக்கம், மற்றவர்களில் சிறந்தவர்கள் மறுபக்கம் என்று ஆடினார்கள். அந்த முதல் ஆட்டத்திலேயே சிகாகோவின் பில் மோசியென்கோ கணுக்காலை முறித்துக்கொண்டார் என்றால் எவ்வளவு நிஜமாக ஆடியிருப்பார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கூடைப்பந்தின் ஆட்டம் 1951 மார்ச் 2 அன்று பாஸ்டனில் தொடங்கியது, நோக்கம் விளம்பரம். கல்லூரிக் கூடைப்பந்தில் காசு வாங்கிக்கொண்டு ஸ்கோரை மாற்றிய ஊழல் அப்போதுதான் வெடித்திருந்தது, விளையாட்டின் பெயரே கெட்டுக் கிடந்தது. லீகின் விளம்பரப் பொறுப்பாளர் ஹாஸ்கெல் கோஹென் யோசனை சொன்னார், பாஸ்டன் அணியின் முதலாளி வால்டர் பிரவுன் நஷ்டம் வந்தால் என் தலையில் என்று ஏற்றுக்கொண்டார். பத்தாயிரம் பேருக்கு மேல் வந்தார்கள், அந்தக் காலத்து என்பிஏவுக்கு அது பெரிய கூட்டம். அன்றிலிருந்து அது விற்பனை மேடை. அதைக் குறையாகச் சொல்லவில்லை, மேடை என்று தெரிந்தே கட்டியதால்தான் நன்றாகக் கட்டினார்கள்.

ஓய்வூதியம் கூடைப்பந்துக் கதையிலும் வருகிறது, இன்னும் சுவாரசியமாக. 1964 ஜனவரி 14, மறுபடியும் பாஸ்டன், வெளியே பனிப்புயல், அன்றுதான் முதன்முறையாக ஆல்-ஸ்டார் ஆட்டம் இரவு நேரத்தில் நாடு முழுக்க டிவியில் வரப்போகிறது. பில் ரஸல், ஆஸ்கர் ராபர்ட்சன், ஜெர்ரி வெஸ்ட், எல்ஜின் பெய்லர் எல்லோரும் உடை மாற்றும் அறையில் உட்கார்ந்துகொண்டு, ஓய்வூதியம் தருவதாக வாக்குக் கொடுத்தால்தான் வெளியே வருவோம் என்றுவிட்டார்கள். அணி முதலாளிகள் மிரட்டிப் பார்த்தார்கள், நடக்கவில்லை. டிவி நேரம் நெருங்க நெருங்க கமிஷனர் வால்டர் கென்னடி இறங்கி வந்தார், ஆட்டம் கொஞ்சம் தாமதமாகத் தொடங்கியது. வட அமெரிக்க விளையாட்டில் வீரர் சங்கங்களுக்குப் பலம் வந்த கதையில் அந்த இரவுக்குப் பெரிய இடம் உண்டு. என்னைக் கேட்டால் எல்லா ஆல்-ஸ்டார்களிலும் முக்கியமானது அதுதான், அன்று அடித்த புள்ளிகள் யாருக்கும் ஞாபகம் இல்லாவிட்டாலும்.

சரி, இப்போது திறன் போட்டிகள். கூடைப்பந்து ஜெயித்த இடம் இதுதான். டங்க் போட்டியை (எம்பிப் பந்தை வளையத்துக்குள் அறையும் போட்டி) முதலில் நடத்தியது 1976-ல் டென்வரில் ஏபிஏ என்ற போட்டி லீக், ஜூலியஸ் எர்விங் ஜெயித்தார். என்பிஏ அதை 1984-ல் எடுத்துக்கொண்டது. 1986-ல் ஐந்தே முக்கால் அடிகூட இல்லாத ஸ்பட் வெப் ஜெயித்தது, 1988 சிகாகோவில் மைக்கேல் ஜோர்டான் ஃப்ரீ த்ரோ (தண்டனை எறிதல்) கோட்டிலிருந்து பறந்தது, 2000-ல் வின்ஸ் கார்ட்டர், 2016-ல் ஸாக் லவீனும் ஏரன் கார்டனும் என்று இவை ஆட்டத்தைவிடப் பெரிய நினைவுகளாகிவிட்டன. 1986-லேயே தூரத்திலிருந்து வளையத்தில் எறியும் மூன்று புள்ளிப் போட்டியும் வந்தது, முதல் மூன்று வருடமும் லாரி பேர்ட் தட்டிச் சென்றார். மூன்றாவது வருடம் பயிற்சி ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் ஆடி, கடைசிப் பந்து வளையத்தில் விழும் முன்பே விரலைத் தூக்கிக் காட்டியவர்.

ஆனால் டங்க் போட்டி இப்போது தேய்ந்துவிட்டது. லெப்ரான் ஒருமுறைகூட அதில் இறங்கவில்லை, அதைப் பார்த்து மற்ற பெரிய தலைகளும் ஒதுங்கின. 2023, 2024, 2025 மூன்று வருடமும் ஜெயித்த மேக் மெக்லங் பெரும்பாலும் என்பிஏவுக்குக் கீழே உள்ள ஜி லீகில் ஆடியவர். அபார திறமைசாலி, அதில் சந்தேகமில்லை. ஆனால் நட்சத்திரங்களின் வார இறுதியில் ஜெயிப்பவர் யாரென்று கூகிளில் தேட வேண்டியிருந்தால் எங்கேயோ இடிக்கிறது. மூன்று புள்ளிப் போட்டி அப்படித் தேயவில்லை, கரி, லில்லார்ட் மாதிரி பெரிய பெயர்களும் அதில் இறங்கியிருக்கிறார்கள், அதில் அவமானப்பட பெரிதாக ஒன்றுமில்லை என்பதால் இருக்கலாம். 2024-ல் கரியும் பெண்கள் லீகான டபிள்யுஎன்பிஏவின் சப்ரினா அயனெஸ்கூவும் நேருக்கு நேர் எறிந்து 29-26 என்று முடிந்ததுதான் அந்த வருடம் பார்க்க உருப்படியாக இருந்த ஒரே விஷயம்.

ஹாக்கியின் திறன் போட்டிகள் 1990-ல்தான் தொடங்கின. அதில் ஒரு நன்மை, தீர்ப்பு சொல்ல நடுவர் குழு தேவையில்லை, கடிகாரமும் வேகமானியும் போதும். ஸ்டெனோ சாரா 2012-ல் மணிக்கு 108.8 மைல் வேகத்தில் அடித்தார், கிட்டத்தட்ட 175 கிலோமீட்டர். 2019 சான் ஹோசேயில் காயம்பட்ட நேதன் மெக்கின்னனுக்குப் பதிலாகக் கெண்டல் காய்ன் ஸ்கோஃபீல்ட் வேகப் போட்டியில் இறங்கி 14.346 நொடியில் ஒரு சுற்று முடித்தார், அந்தப் போட்டியில் பங்கெடுத்த முதல் பெண் அவர், கடைசி இடமும் அவருக்கு இல்லை. என்ஹெச்எல்லில் மிகப் பெரிய பெயர்களே இதில் இறங்குகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 2024 டொராண்டோவில் 12 பேரை மட்டும் வைத்து, ஜெயிப்பவருக்குப் பத்து லட்சம் டாலர் என்று மாற்றினார்கள், மெக்டேவிட் வந்து ஜெயித்துவிட்டுப் போனார். அதே இரவில் ஏனோதானோ என்று சறுக்கிய நிகிடா குச்செரோவை அரங்கமே கூச்சலிட்டு விரட்டியது. டொராண்டோக்காரர்களுக்கு ஹாக்கியில் தமாஷ் பிடிக்காது.

ஆல்-ஸ்டாரில் யார் ஆட வேண்டும் என்ற ரசிகர் வாக்கெடுப்பில் இரண்டு லீகும் ஒரே மாதிரி சூடு பட்டன. 2015-ல் லாட்வியா நாடே சேர்ந்து ஸெம்கஸ் கிர்கென்சன்ஸை என்ஹெச்எல் வாக்கெடுப்பில் முதலிடத்துக்கு ஏற்றிவிட்டது. 2016-ல் ஜார்ஜியா நாட்டின் ஸாஸா பச்சூலியா கொஞ்சத்தில் என்பிஏ ஆரம்ப அணிக்குள் நுழையாமல் போனார். என்பிஏ சத்தமில்லாமல் 2017-ல் விதியை மாற்றியது: ரசிகர்களுக்குப் பாதி, ஆட்டக்காரர்களுக்குக் கால், பத்திரிகையாளர்களுக்குக் கால். என்ஹெச்எல் அதற்குள் ஜான் ஸ்காட்டிடம் மாட்டிக்கொண்டது.

அந்தக் கதையைச் சொல்லாமல் இந்தப் பதில் முடியாது. ஜான் ஸ்காட் ஆறடி எட்டங்குலம், சண்டை போடுவதற்காகவே அணியில் வைத்திருந்த ஆள், என்ஹெச்எல் வாழ்க்கை முழுக்க அவர் போட்டது மொத்தம் ஐந்து கோல். 2016 ஆல்-ஸ்டாருக்கு ரசிகர்கள் கேலியாக அவரைத் தேர்ந்தெடுத்தார்கள், வாக்கு குவிந்து பசிபிக் பிரிவின் கேப்டனே ஆகிவிட்டார். விலகிக்கொள்ளச் சொல்லி அழுத்தம் வந்தது, விலகவில்லை. ஜனவரி நடுவில் அரிசோனா அணி அவரை மான்ட்ரியாலுக்கு மாற்ற, அவர்கள் நேராக நியூஃபவுண்ட்லாந்தில் இருந்த இரண்டாம்நிலை அணிக்கு அனுப்பிவிட்டார்கள். மனைவி இரட்டைக் குழந்தைகளைச் சுமந்துகொண்டிருந்த நேரம் அது. லீகிலிருந்து ஒருவர், இப்படி வந்து ஆடினால் உன் பிள்ளைகள் பெருமைப்படுவார்களா என்று கேட்டதாக ஸ்காட்டே எழுதினார். அந்த ஒரு கேள்வியால் கேலி வாக்கு கோப வாக்காக மாறியது. லீக் கடைசியில் விட்டுக்கொடுத்தது, நாஷ்வில்லில் அவர் ஆடினார், இரண்டு கோல் போட்டார், பசிபிக் ஜெயித்தது. சிறந்த ஆட்டக்காரர் வாக்கெடுப்புப் பட்டியலில் அவர் பெயரே இல்லை, ஆனாலும் ரசிகர்கள் தாங்களாகவே அவர் பெயரை எழுதி அனுப்பி ஜெயிக்க வைத்தார்கள். சக வீரர்கள் தோளில் தூக்கினார்கள். டங்க் போட்டி எவ்வளவு நடத்தினாலும் கூடைப்பந்துக்கு இப்படி ஒரு கதை கிடைக்கவில்லை.

அந்த வருடம்தான் ஹாக்கி பெரிய மாற்றமும் செய்திருந்தது. ஐந்துக்கு ஐந்தை விட்டுவிட்டு மூன்றுக்கு மூன்று, நான்கு பிரிவுகள், சின்னச் சின்ன ஆட்டங்கள், ஜெயிக்கும் அணிக்குப் பத்து லட்சம் டாலர். இறுதி ஆட்டம் 1-0 என்று முடிந்தது, முந்தைய வருடம் 17-12! களத்தில் இடம் நிறைய இருந்தால் இடிக்காமலே வேகமாக ஆடலாம் என்பது நல்ல கண்டுபிடிப்பு. பரிசு 11 பேருக்குப் பிரிந்தால் ஆளுக்குத் தொண்ணூறாயிரம் டாலர் வரும், ஸ்காட் மாதிரி ஆளுக்கு அது பெரிய காசு. கூடைப்பந்தில் இந்த வித்தை செல்லாது. 2024-25 சீசனில் கரியின் சம்பளம் ஐந்தரைக் கோடி டாலரைத் தாண்டியது, அவரிடம் போய் ஒரு லட்சம் டாலர் தருகிறோம், கொஞ்சம் தடுத்து ஆடுங்கள் என்று யார் கேட்பது?

ஆனால் ஹாக்கியிலும் இது நாலைந்து வருடத்தில் சலித்துவிட்டது. வராமலே இருந்துவிடும் பழக்கமும் இருந்தது. காயமில்லாமல் ஆல்-ஸ்டாரைத் தவிர்த்தால் ஒரு ஆட்டத் தடை என்று விதி, 2009-ல் லிட்ஸ்ட்ராமும் டாட்ஸ்யூக்கும் அதை அனுபவித்தார்கள், 2019-லும் 2020-லும் ஓவெச்கின் தடையை வாங்கிக்கொண்டு ஓய்வெடுக்கப் போய்விட்டார். தண்டனையே லாபமாகத் தெரிகிற விழா அது.

கூடைப்பந்து பக்கம் இதே காலத்தில் ஸ்கோர் ஏறிக்கொண்டே போனது. 2017-ல் 192-182. 2023-ல் 184-175, தோற்ற அணியின் பயிற்சியாளர் மைக்கேல் மலோன் இவ்வளவு மோசமான கூடைப்பந்து இதுவரை ஆடப்பட்டதில்லை என்ற ரீதியில் வெளிப்படையாகவே பேசினார். 2024-ல் இண்டியானாபோலிஸில் கிழக்கு அணி 211. கோப்பை கொடுத்த என்பிஏ கமிஷனர் ஆடம் சில்வரின் வாழ்த்தில் உற்சாகம் துளிகூட இல்லை. நடுவில் ஒரே ஒருமுறை, 2020 சிகாகோவில், ஆட்டம் உயிர் பெற்றது. கோபி பிரையன்ட் இறந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. கடைசிப் பகுதியில் கடிகாரத்தை எடுத்துவிட்டு, முன்னால் இருக்கும் அணியின் ஸ்கோரோடு அவர் ஜெர்சி எண் 24-ஐக் கூட்டி, அதை முதலில் தொடுபவர் வெற்றி என்று வைத்தார்கள். கைல் லௌரி குறுக்கே நின்று இடி வாங்கினார், யானிஸ் லெப்ரானின் ஷாட்டைத் தட்டிவிட்டார், கடைசியில் ஆந்தனி டேவிஸின் ஃப்ரீ த்ரோவில் 157-155. விதி மாற்றம்தான் காரணம் என்று பலர் சொன்னார்கள். அதே விதியோடு அடுத்த மூன்று வருடமும் ஆடினார்கள், அந்தச் சூடு திரும்பவில்லை. அன்று எல்லோரும் கோபிக்காக ஆடினார்கள் என்பதுதான் என் கணிப்பு.

இப்போது 2025. சான் பிரான்சிஸ்கோவில் என்பிஏ நான்கு அணி, 40 புள்ளி தொட்டால் வெற்றி என்று புது முறை கொண்டுவந்தது. இறுதி ஆட்டம் 41-25, அதையும் நடுவில் நிறுத்திப் பேச்சும் பாராட்டு விழாவும் நடத்தினார்கள், ஆட்டக்காரர்கள் உடம்பு ஆறிப்போய் நின்றார்கள். அதே வாரம் என்ஹெச்எல் ஆல்-ஸ்டாரை ரத்து செய்துவிட்டு அமெரிக்கா, கனடா, ஸ்வீடன், ஃபின்லாந்து நான்கு நாட்டுப் போட்டி வைத்தது. அரசியல் சூடும் சேர்ந்துகொண்டது, கனடாவை 51-வது மாநிலமாக்கலாம் என்று டிரம்ப் பேசிக்கொண்டிருந்த நேரம். பிப்ரவரி 15, மான்ட்ரியால்: அமெரிக்க தேசிய கீதத்துக்கு அரங்கம் கூச்சலிட்டது, பக் போட்ட முதல் ஒன்பது நொடிக்குள் மூன்று சண்டை. அமெரிக்கா 3-1. ஐந்து நாள் கழித்து பாஸ்டனில் இறுதி, கூடுதல் நேரத்தில் மெக்டேவிட் கோல், கனடா 3-2. அமெரிக்காவில் மட்டும் அந்த இறுதியை 90 லட்சத்துக்கு மேல் பார்த்தார்கள், என்பிஏ ஆல்-ஸ்டாரைப் பார்த்தவர்கள் அதில் சுமார் பாதி.

இது புது யோசனையும் இல்லை. 1979-ல் ஆல்-ஸ்டாரை விட்டுவிட்டு என்ஹெச்எல் நட்சத்திரங்கள் சோவியத் அணியோடு நியூயார்க்கில் மூன்று ஆட்டம் ஆடினார்கள், மூன்றாவதில் 6-0 என்று அடி வாங்கினார்கள். 1987-ல் கியூபெக்கில் மறுபடி, அப்போது இரண்டு ஆட்டம், ஆளுக்கு ஒரு வெற்றி. ஹாக்கியில் உலகின் முதல் ஐந்தாறு நாடுகளுக்குள் பெரிய இடைவெளி இல்லை, அதனால் கொடியைக் கொண்டுவந்தால் ஆட்டம் தானாகச் சூடேறுகிறது. என்பிஏவும் 2026-ல் இரண்டு அமெரிக்க அணி, ஒரு உலக அணி என்று அதே வழிக்கு வந்தது, வெம்பன்யாமா நிஜமாகவே ஓடித் தடுத்து ஆட, முதல் ஆட்டங்கள் நெருக்கமாகப் போயின. இறுதி மட்டும் 47-21 என்று ஒருபக்கமாகச் சாய்ந்தது. யோகிச், டோன்சிச், யானிஸ், வெம்பன்யாமா எல்லோரும் வெளிநாட்டுக்காரர்கள் என்பதால் கூடைப்பந்துக்கும் இந்த வழி வேலை செய்யும் என்று நினைக்கிறேன், ஆனால் 'உலகம்' என்ற பெயருக்காக யாரும் சண்டை போடமாட்டார்கள், யோகிச்சின் செர்பியா மாதிரி சொந்த நாட்டுக்காகப் போடுவார்கள்.

எதைப் பார்க்கலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். கூடைப்பந்தில் 1988 டங்க் போட்டி, 2020 ஆட்டத்தின் கடைசிப் பகுதி. ஹாக்கியில் 2016 நாஷ்வில், அப்புறம் 2025-ல் மான்ட்ரியாலில் நடந்த அமெரிக்கா-கனடா ஆட்டம் முழுசாக. கொலம்பஸின் அந்த 29 கோலையும் இண்டியானாபோலிஸின் 211-ஐயும் தேடிப் போய்ப் பார்க்க வேண்டாம், ஐந்து நிமிடத்தில் தூக்கம் வந்துவிடும்.